நம் தலைக்கு மேலே



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த பழமொழி. இவ்விரண்டிலும் உள்ள தொல்லையை எண்ணியே நம் முன்னோர் அவ்வாறு கூறினர். கல்யாணத்தைப் பற்றிப் பேச நான் இன்று வரவில்லை. வீட்டிலும் ஒரு பகுதியைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அது நம் தலைக்கு மேலே இருக்கும் கூரை. அந்தக் கூரையைப் போடுவதற்கு நம்பத்தக்க ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றையப் பேச்சின் பொருள்.

மாணவர்களாகிய உங்களுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் சிலர் நாளைப் பொறியாளர் ஆவீர்கள். சிலர் தொழில் நடத்துவீர்கள். எல்லோருமே ஏதேனும் ஒரு கூரையின் கீழ் வாழ்வீர்கள். அன்றியும், வீட்டில் கூரை வேலை நடக்கும்போது, அருகில் நின்று பார்க்கப் பொழுது உள்ளவர்கள் பெரும்பாலும் நீங்கள்தாம். அவ்வாறு நின்று பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் காலம் கடந்தே அறிந்தேன்.

என் சொந்த ஊர் திருவள்ளூர். பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் தம்பி கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகில் சிறியதொரு கடைசல் பட்டறை நடத்தி வருகிறான். அதன் பின்புறம் இரண்டு அறைகள் உண்டு. ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி, மனைவியோடும் நான்கு வயது மகளோடும் அவற்றில் ஒன்றில் குடியிருந்தார். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பட்டறைக்கும் அந்த அறைகளுக்குமாகச் சேர்த்துப் புதிய தகரக் கூரை போட வேண்டியிருந்தது. வேலைக்கு ஆளைச் சொன்னவன் நான். அவர் எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர், இனிக்கப் பேசுபவர், மற்றவர்களைக் காட்டிலும் குறைந்த தொகை கேட்டார். தம்பி, "அண்ணா, எதை எதைச் செய்வார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?" என்றான். "தெரிந்தவரிடம் எழுத்து எதற்கு? அவர் மனம் நோகும்" என்று தடுத்துவிட்டேன். அச்சொல்லுக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் எண்ணிறந்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. அன்று பிற்பகல் தம்பியின் பட்டறைக் கூரையில் ஒரு மூலைத் தகடு முதலில் எழும்பியது. பிறகு அதை அடுத்தது, அதற்கும் அடுத்தது. சிறிது நேரத்தில் அறையின் மேல் இருந்த தகடுகளும் பிய்ந்தன. அவற்றுள் ஒன்று, குழந்தை படுத்திருந்த பாயின் மேல் விளிம்பு கீழாக விழுந்தது. சத்தத்தைக் கேட்டு அஞ்சிய தாய், அதற்குச் சற்று முன்புதான் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பட்டறைச் சுவரோரம் ஓடியிருந்தாள். பாய் கிழிந்தது, குழந்தை பிழைத்தது. அந்தப் பாயை நான் பின்னர் பார்த்தேன்.

புயல் ஓய்ந்த பிறகு தம்பி ஏணி வைத்து ஏறினான். தகடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. ஆனால் ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தில் துளையே இல்லை. அதாவது, எல்லாச் சட்டங்களிலும் முடுக்கியிருக்க வேண்டிய திருகாணிகளைப் பாதிச் சட்டங்களில் மட்டுமே முடுக்கியிருந்தனர். சட்டங்கள் உள்ளீடற்ற பெட்டிக் குழாய்கள் ஆதலால், ஆணியின் முனை கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பத்து மாதம் அந்தக் கூரையின் கீழ் நின்று வேலை செய்த எவருக்கும் அந்தக் குறை தெரியவில்லை.

இங்கே சிறிது இயற்பியல் சொல்ல வேண்டும். கூரை நம்மேல் விழுந்துவிடாமல் தாங்குவதே அதைச் செய்பவரின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். தகரக் கூரையைப் பொறுத்தவரை, அது மேலே பறந்துவிடாமல் பிடித்து வைப்பதே பெரிய வேலை. காற்று கூரையின் மேல் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது; கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. பக்கம் திறந்த கொட்டகையாயின், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளுகிறது. விளிம்புகளிலும் மூலைகளிலும் முகட்டிலும் இந்த விசை மிகுதி.

கணக்கிட்டுப் பாருங்கள். காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரின் மேல் காற்று தரக்கூடிய அழுத்தம் ஏறத்தாழ நியூட்டன் கணக்கில் கிடைக்கும். மணிக்கு 108 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 30 மீட்டர். அதற்கு 540 நியூட்டன். அதாவது சுமார் 55 கிலோ எடை. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவே எடையுள்ளது. கட்டடங்களின் மேல் வீசும் காற்றுக்கான இந்தியத் தர விதி, சென்னைக்கு அடிப்படை வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறித்துள்ளது. அதற்கு 1,500 நியூட்டன்; சுமார் 150 கிலோ. ஐந்து கிலோத் தகட்டை 150 கிலோ விசைக்கு எதிராகப் பிடித்து வைப்பவை அந்தச் சிறு ஆணிகளே. அவற்றில் பாதியைக் குறைத்தவர் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார். அதற்கு ஈடாக வைக்கப்பட்டது எது என்பதை மேலே சொன்னேன்.

சேதத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தனர். அவர்களுள் வயது முதிர்ந்த மேஸ்திரி ஒருவரும் இருந்தார். காற்றின் கொடுமையை நான் நொந்துகொண்டபோது அவர் சொன்னார்: "ஐயா, காற்றைச் சொல்லாதீர்கள். ஆணி இல்லாத இடத்தில் அது கையை வைத்துப் பார்த்தது; அவ்வளவுதான். கூரை வேலையில் பாதி, முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. அது தெரிகிற நாளில் உங்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறவன் எவனோ, அவனிடம் வேலையைக் கொடுங்கள்."

நேயர்களே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். கூரை தன் குறையைத் தானே மூடிக்கொள்ளும் பொருள். ஆதலால், மூடுவதற்கு முன் காட்டச் சம்மதிப்பவரே நம்பத்தக்கவர். இந்த உண்மை எல்லா வகைக் கூரைக்கும் எவ்வாறு பொருந்துகிறது என்று பார்ப்போம்.

முதலில் பழைய முறையை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூரிலும் சென்னையிலும் உள்ள பழைய மாடி வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் தளத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி வரிசையாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்தோறும் அடிப்பார்கள். கட்டை பதியாமல் எகிறும் வரையில் அடிக்க வேண்டும் என்பது விதி. இறுதியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். அந்த வேலை பல நாள் நடந்தது; வீட்டுக்காரர் கண்முன் நடந்தது; கட்டையின் ஓசை தெருவுக்கே கேட்டது. அடிக்காமல் அடித்ததாகச் சொல்ல வழியில்லை.

இன்றைய கான்கிரீட் தளத்தின் கதை வேறு. அது ஒரே நாளில் கொட்டப்படுகிறது. காலையில் கண்ணுக்குத் தெரிந்த கம்பிகள் மாலையில் மறைந்துவிடுகின்றன. ஆகவே, பார்க்க வேண்டியதைக் கொட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கம்பிகளின் பருமனும் இடைவெளியும் வரைபடத்தில் உள்ளபடி இருக்கின்றனவா? கம்பிகள் பலகையைத் தொட்டுக்கொண்டு கிடக்காமல், அடியில் கவர் பிளாக் வைத்து உயர்த்தப்பட்டுள்ளனவா? சாதாரணச் சூழலில் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கான்கிரீட்டாவது இருக்க வேண்டும். கடற்காற்று படும் பழவேற்காடு போன்ற இடங்களில் அதனினும் கூடுதலாக வேண்டும். இல்லையேல், ஈரமும் உப்பும் கம்பியை எட்டும். துருப் பிடித்த இரும்பு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். வீடுகளில் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காக மிகுதியாகத் தண்ணீர் ஊற்றும் வழக்கமும் உண்டு. மிகுந்த நீர் ஆவியாகிப் போன இடங்களில் நுண்துளைகள் நிற்கும், வலிமை குறையும். கொட்டிய பிறகோ தண்ணீரைக் குறைக்கக் கூடாது. தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். சாதாரணச் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளுக்குக் குறையாமல். இதைப் பார்ப்பதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பாத்தியில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் பிள்ளை ஒருவன் இருந்தால் போதும்.

தகரக் கூரைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இதுவே மிகுதி. தகட்டின் கனம் விலைச்சீட்டில் எழுதியுள்ளதா, வந்திறங்கிய தகடும் அதே கனமா, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் திருகாணி உள்ளதா, விளிம்புகளில் நெருக்கமாக முடுக்கியிருக்கிறார்களா, ஆணியின் அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, ஒரு தகடு மற்றொன்றின் மேல் போதிய அளவு ஏறிப் படிந்துள்ளதா, மழைநீர் வடிய வாட்டம் உண்டா என்பவை பார்க்க வேண்டியவை. எல்லோரும் கூரைமேல் ஏற வேண்டியதில்லை, ஏறவும் கூடாது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நேர்மையாக வேலை செய்பவர் மேலிருந்து படம் எடுத்துத் தருவதில் அவருக்கு என்ன நட்டம்?

கல்நார் கலந்த சிமென்ட் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குவன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பல நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. நம் நாட்டில் இத்தகடுகள் இன்னும் விற்கப்படுகின்றன. பழைய கூரைகளிலும் நிறைய உள்ளன. அவற்றை அறுத்தும் உடைத்தும் தூசி கிளப்புபவர் தம் ஆட்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தீங்கு செய்கிறார். பழைய தகடு ஆளின் எடை தாங்காமல் உடைவதும் உண்டு. அதன் மேல் பலகை போட்டே நடக்க வேண்டும். மேலே ஏறும் ஆட்களுக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் தருகிறாரா என்றும், கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். கூரையின் மேல் இருப்பவரின் உயிரைப் பொருட்படுத்தாதவர், கீழே இருப்பவரின் உயிரைப் பொருட்படுத்துவார் என்று எப்படி நம்புவது?

இனி, நாங்கள் இரண்டாம் முறை ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். மூவரை அழைத்தோம். முதலாமவர் வாசலில் நின்றபடியே சதுர அடிக்கு ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர் உள்ளே வந்து நீளம் அகலம் அளந்து, முதலாமவரைவிடக் குறைத்துச் சொன்னார். மூன்றாமவர் ஏணி கேட்டார். மேலே ஏறிப் பழைய சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "இரண்டு சட்டங்கள் துருப்பிடித்துள்ளன. அவற்றை மாற்றாமல் இதன் மேல் தகடு போட மாட்டேன். பணம் இப்போது இல்லையென்றால் பிறகு கூப்பிடுங்கள்" என்றார். அவர் கேட்ட தொகை மூவரிலும் அதிகம். எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லத் துணிந்தவரிடமே வேலையைக் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன், மூன்று மழைக்காலம் கண்ட கூரையாக அவர் போட்டது ஒன்றைக் காட்டச் சொன்னோம். பொன்னேரிப் பக்கம் ஒரு நெல் கிடங்கைக் காட்டினார். கிடங்குக்காரரிடம், "ஒழுகியதா?" என்று கேட்டதோடு நிற்காமல், "ஒழுகியபோது கூப்பிட்டால் வந்தாரா?" என்றும் கேட்டோம்.

இம்முறை எழுத்து இருந்தது. இரண்டே பக்கம். என்ன தகடு, எத்தனை கனம், ஆணி எங்கெங்கே, எத்தனை நாளில் முடியும், பழைய தகடு யாருக்கு, ஒழுக்கு ஏற்பட்டால் எவ்வளவு காலம் அவர் பொறுப்பு என்பன அதில் அடங்கும். பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. பொருள் வந்திறங்கியபோது ஒரு பகுதி; சட்டங்கள் முடிந்து நாங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி; தகடு முடுக்கி, படங்களைப் பார்த்த பிறகு ஒரு பகுதி; பத்தில் ஒரு பங்கு, முதல் வடகிழக்குப் பருவமழை கழிந்த பின். அவர் இதற்குச் சற்றும் நோகவில்லை. "எழுதி வைத்தால் எனக்கும் நல்லதுதான், ஐயா. நீங்கள் நாளைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது அல்லவா?" என்று சிரித்தார். எழுத்து சந்தேகத்தின் அடையாளம் என்று நான் எண்ணியிருந்தேன். அது இரு தரப்புக்கும் பொதுவான நினைவு என்பதை அவர்தாம் எனக்குக் கற்பித்தார்.

சட்டம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் மிகப் பழையது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத்தில், வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்று விதி இருந்தது. நம் நாட்டில் வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கிய சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. இப்போது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். வாணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை அதில் அடங்காது. ஆயினும் தன் பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆணையம் கேட்கும் முதற்கேள்வி, "ஒப்பந்தமும் ரசீதும் எங்கே?" என்பதாகவே இருக்கும். எங்களிடம் முதல் கூரைக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. ஆகவே நாங்கள் அங்கே போகவும் இல்லை.

அன்றியும், சட்டம் வருவது கூரை விழுந்த பிறகு. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின் விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது, தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளும் அகற்றப்பட்டன. அந்தக் குழந்தைகள் திரும்பி வரவில்லை. கூரையைப் பற்றிய கேள்வியை, அதன் கீழ் குழந்தைகள் உட்காருவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

புதிய கூரை 2017-இல் முடிந்தது. அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஓர் இடத்தில் சொட்டியது. உண்மையைச் சொன்னால், என் மனம் சோர்ந்தது. மறுபடியும் ஏமாந்தோமோ என்று எண்ணினேன். தம்பி தொலைபேசியில் சொன்னான். மறுநாள் காலை அவரே ஏணியோடு வந்தார். ஓர் ஆணியின் ரப்பர் வளையம் கோணலாக அமர்ந்திருந்தது. அதைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது என் ஆள் செய்த பிழை" என்றார். வேறு ஆணி முடுக்கி, அதற்கு அக்கம்பக்கத்து ஆணிகள் அனைத்தையும் கேட்காமலே சோதித்துவிட்டு இறங்கினார். பிழையே செய்யாதவரைத் தேடினால் நமக்கு யாரும் கிடைக்கமாட்டார். செய்த பிழையைக் கையில் எடுத்துக் காட்டுபவர் கிடைப்பார். மழைக்காலம் முடிந்ததும் மீதித் தொகையைக் கொடுத்தோம்.

அந்த ஆணி இன்றும் என் மேசை மீது இருக்கிறது. அந்தத் தொழிலாளியின் குடும்பம் பின்னர் ஊர் திரும்பிவிட்டது. குழந்தை இப்போது பள்ளியில் உயர் வகுப்பு படித்துக்கொண்டிருப்பாள்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டிலோ தெருவிலோ கூரை வேலை நடந்தால், சற்று நில்லுங்கள். வேலை செய்பவரிடம் மரியாதையாக, "ஐயா, மூடுவதற்கு முன் ஒரு முறை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். நான் அன்று தம்பியைத் தடுக்காமல், இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.